இறுக்கச் சட்டை

அக்டோபர் 9, புதன்

நோட்டுப் போடச் சொன்னது ஜெசிந்தா மேடம். ஆஸ்பத்திரியில் தீக்காயம் ஆறியவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவர். தினமும் எத்தனை மணி நேரம் சட்டை போட்டாள், எங்கே இறுக்கம், எங்கே தொளதொளப்பு, கை எத்தனை டிகிரி தூக்குகிறது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். எனக்கு எழுதிப் பழக்கம் அளவுகள் மட்டும்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கலாமணி, என் மனைவி. வயது முப்பத்தெட்டு. இடது மேல்கைச் சுற்றளவு இருபத்தெட்டு சென்டிமீட்டர். முழங்கை இருபத்தைந்து. மணிக்கட்டு பதினாறு. கை தூக்குவது அறுபது டிகிரி. தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை டீ வைக்கும்போது கேஸ் அடுப்பில் அவள் போட்டிருந்த உடுப்பு பற்றிக்கொண்டது. இடது கை, அக்குள், விலா, கழுத்தின் இடப்பக்கம். நாற்பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். சேர்த்த அன்று அவள் என்ன துணி போட்டிருந்தாள் என்று டாக்டர் கேட்டார். காட்டன் என்று சொன்னேன்.

இன்று மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆறின தோல் சும்மா இருக்காதுங்க. தடிச்சுச் சுருங்கும். கையை அக்குளோட சேத்து இழுத்து ஒட்டிப் போடும். நாள் பூரா அமுக்கிப் பிடிச்சாத்தான் அடங்கும். குளிக்கிற ஒரு மணி நேரம் போக இருபத்துமூணு மணி நேரம் இறுக்கச் சட்டை போடணும். வெளிய ஆர்டர் குடுத்தா வர ஒன்றரை மாசம் ஆகும். நீங்கதான் திருப்பூர் பேட்டர்ன் மாஸ்டராச்சே, நீங்களே வெட்டலாமே?”

பொங்கலுக்குள் கை தொண்ணூறு டிகிரியைத் தாண்டாவிட்டால் மறுபடி ஆபரேஷன். இந்தத் தடவை தோல் எடுப்பது இடது தொடையில். அதைக் கேட்டதும் கலா சேலை முந்தானையை எடுத்துத் தொடைமேல் போட்டுக்கொண்டாள்.

வெட்டுகிறேன் என்றேன். இருபத்திரண்டு வருஷமாகப் பனியன் துணிக்கு பேட்டர்ன் போடுகிறவன் வேறு என்ன சொல்வான்.

அக்டோபர் 12, சனி

நேற்று கம்பெனியில் ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்தார்கள். சூடம் காட்டும்போது வெளியே போய்விட்டேன்.

துணி கிடைத்துவிட்டது. நைலானும் லைக்ராவும் கலந்த வலைத் துணி. இழுத்தால் வரும், விட்டால் திரும்பும். பேட்டர்ன் போடுவதில் தறித் துணி ஒரு ஜாதி, பின்னல் துணி வேறு ஜாதி. தறித் துணிக்கு உடம்பளவோடு கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும், யார் வேண்டுமானாலும் வெட்டலாம். பின்னல் துணிக்குக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது அந்தத் துணியைக் கையால் இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். மாற்றிப் போட்டால் கழுத்து வாயைப் பிளக்கும், கை முறுக்கிக்கொள்ளும். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு மாஸ்டர் என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் ஊரில் இருநூறு பேர் இருக்கிறார்கள்.

ஒரே நாளில் வெட்டித் தைத்துவிட்டேன். தையல் விளிம்புகள் எல்லாம் வெளிப்பக்கம், தோலில் உரசாது. முன்னால் நீள ஜிப். ஜிப் இல்லாமல் இனி எதையும் வெட்டுவதாக இல்லை.

கலா போட்டுக்கொண்டாள். நன்றாக உட்கார்ந்தது. சுருக்கம் இல்லை, இழுவை இல்லை. “நல்லா இருக்குதுங்க” என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனையோ நாள் ஆயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தாராபுரம் ஒரு நடை போய்வர வேண்டும். கலாவின் தங்கை சுகந்தி வீடு. நேரம் இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மேடம் சட்டையின் கைக்குள் விரலை விட்டார். இரண்டு விரலும் தாராளமாகப் போயின. “என்ன மாஸ்டர், கல்யாணத்துக்கா தைச்சீங்க?” என்றார்.

அளவு தப்பாது என்று வாதாடினேன். “என் முன்னாடி எடுங்க” என்றார். டேப்பைச் சுற்றினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் இடது ஆள்காட்டி விரலைத் தொட்டார். டேப்புக்கு அடியில் விரல் இருந்தது.

தொழில் பழகிய முதல் நாளிலிருந்து வந்த பழக்கம். மூச்சு விட இடம் வேண்டும் என்று விரலைக் கொடுத்து அளப்போம். நான் கொடுப்பதே எனக்குத் தெரியாது. “எடுங்க” என்றார். எடுத்தேன். மேல்கை இருபத்தாறரை. அதிலும் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டச் சொன்னார். போகப் போக ஐந்தில் ஒரு பங்கு.

“பாவம் பாக்காதீங்க. நீங்க விடற ஒரு விரல் எடத்துலதான் தோல் தடிக்கும்.”

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டாவது சட்டை. அளவெல்லாம் சரி, ஆனால் கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே ஏறுகிறது. காரணம் உடனே தெரிந்தது. கையை உடம்போடு சேர்த்துத் தைக்கிற கைவளைவை இறக்கி வெட்டியிருக்கிறேன். புண் பட்ட இடமாயிற்றே, அக்குளைத் தொடாமல் கீழே நிற்கட்டும் என்று கை தானாக இறக்கிவிட்டது. கைவளைவு இறங்கினால் கை தூக்க முடியாது. இது முதல் வருஷம் வேலைக்கு வருகிறவனுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. அக்குளை ஒட்டி ஏற்றி, நடுவில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்து மறுபடி வெட்டினேன்.

கலாவுக்கென்று நான் வெட்டி வைத்த அட்டை சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவள் உடம்புக்கு மயிரிழை பிசகாத பேட்டர்ன். அதை எடுத்திருந்தால் பாதி வேலை மிச்சம். எடுக்கவில்லை. புதிதாகவே போட்டேன்.

போட்டுவிடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஜிப் நெஞ்சுக்கு மேலே ஏறியதும் கண்ணை இறுக மூடினாள். “கழட்டுங்க, கழட்டுங்க” என்று கத்த ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார்.

இன்று போட்டிருந்தது நான்கு மணி நேரம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டேன். வெளியே வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கலா சுவர் ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

காலை ஆறு மணிக்கே சுகந்திக்குப் போன் செய்தேன். சஷ்மிதா என்ன உடுத்தியிருக்கிறாள் என்று கேட்டேன். சுகந்தியின் மகள், எட்டு வயதுப் பிள்ளை, எங்களுக்குக் குழந்தை இல்லை, அவள்தான் எங்களுக்கும். “புதுப் பாவாடை சட்டைங்க மாமா. ஏனுங்க?” என்றாள் சுகந்தி. சும்மாதான் கேட்டேன் என்றேன்.

பதினோரு மணி நேரம் போட்டிருந்தாள். கை அறுபத்தெட்டு.

நவம்பர் 8, வெள்ளி

அக்குள் பள்ளத்தில் சட்டை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அழுத்தம் விழவில்லை. அங்கே ஸ்பாஞ்சுத் துண்டு வைக்கத் தழும்பின் வடிவம் வேண்டும் என்றார் மேடம். கண்ணாடித் தாளை உடம்பில் போர்த்தி மார்க்கரால் ஓரத்தைச் சுற்றி வரைந்துகொண்டேன். கலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

தாளை மேஜையில் விரித்துப் போட்டேன். கழுத்தில் தழும்பு நிற்கிற கோடு ஒரு வளைவு. மணிக்கட்டுப் பக்கம் இரண்டு விரல் தள்ளியே நின்றுவிட்டது. பாத்திரம் கழுவும்போது நனையக்கூடாது என்று அந்த உடுப்பின் கையை இரண்டு விரல் குறைத்து வெட்டியிருந்தேன். கழுத்து இறக்கம் ஆறரை. அளக்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். ஆணியில் தொங்கும் அட்டையை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தேன். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது.

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஸ்பாஞ்சு வெட்டி வைத்துத் தைத்தாயிற்று.

நவம்பர் 19, செவ்வாய்

மறுபடி தொளதொளப்பு! மூன்று சட்டை ஆயிற்று. சட்டையின் மேல்கைச் சுற்று என் மேஜையில் அளந்தால் இருபத்திரண்டு. நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அளந்தால் இருபத்து நான்கரை. லைக்ரா செத்த துணி. வாங்கின கடையில் போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். கடைக்காரர் என் முன்னாலேயே துணியை இழுத்து இழுத்து விட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் சரியாகத் திரும்பியது. “மாஸ்டர், துணி நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் மனசு சரியில்லை, வீட்டுக்குப் போங்க” என்றார்.

வேறு கடையில் வாங்கினேன். கை எழுபத்திரண்டிலேயே நிற்கிறது.

நவம்பர் 27, புதன்

கம்பெனியில் குழந்தைகள் இரவு உடுப்பு ஆர்டர் மறுபடி வந்திருக்கிறது. பேட்டர்னில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். மேனேஜர் ஏன் என்றார். வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலையில் இதே ஆர்டருக்கு சாம்பிள் துணி ஐந்து கிலோ வந்தது. இரண்டு பக்கமும் பஞ்சு கிளறிய பாலியஸ்டர் பின்னல், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும், கத்தரிப்பூ நிறம். லேப்பில் நெருப்புச் சோதனையில் தோற்றுவிட்டது. சிவப்பு மையில் எழுதிய தாள் என் மேஜைக்கும் வந்தது. மொத்த லாட்டையும் மில்லுக்கே திருப்பி அனுப்பினார்கள். சாம்பிளில் மீந்தது என் மேஜைக்கடியில் கிடந்தது. எடுத்து வந்தேன்.

திருப்பூரில் யார் வீட்டில் தோற்ற துணி இல்லை? சாயம் போகும் என்று தோற்றது, சுருங்கும் என்று தோற்றது, ஊசி ஓட்டை விழுகிறது என்று தோற்றது. அதைத்தான் எல்லோரும் உடுத்துகிறோம். வெள்ளைக்காரன் ஆயிரம் சோதனை வைப்பான், நமக்கென்ன, துணியை யார் கொண்டுபோய் நெருப்பில் காட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு உடுப்புக்குச் சரியாக வந்தது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

எழுத வந்தது இது இல்லை. இன்று பதினேழு மணி நேரம் போட்டிருந்ததாகச் சொல்கிறாள். கை எழுபத்திரண்டு.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். விளக்கு ஏற்றவில்லை. சுகந்தி கலாவுக்கு ஏதோ போட்டோ அனுப்பியிருக்கிறாள். கலா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் போனைத் தொடுவதே இல்லை; எடுத்துப் பீரோ மேல் வைத்துவிட்டேன். நானும் திறந்து பார்க்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

கம்பெனியிலிருந்து மத்தியானமே வந்துவிட்டேன். கலா சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊசி முனையால் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்று விட்டு ஒன்று நூலை அறுத்து, மேலாக ஒரு ஓட்டம் போட்டு மூடுகிறாள். பார்த்தால் தெரியவே தெரியாது. நான் கற்றுக்கொடுத்த வேலைதான். ஒரு மாதத்துக்கு மேலாகத் துணியையும் கடைக்காரரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோபம் தலைக்கேறிவிட்டது. “ஏம் புள்ள, கை வேணுமா வேண்டாமா உனக்கு? மறுக்கா தொடையக் கிழிக்கட்டுமா?” என்று கத்தினேன்.

அவள் சட்டையை மடித்து வைத்தாள். “அன்னைக்குப் போட்டிருந்ததும் இப்படித்தான் ஒடம்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. நீங்க வெட்டுனதுதான். நல்லா உக்காந்திருக்குதுன்னு கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சுப் பாத்தீங்க. தீப் புடிச்சப்போ கழட்ட வரலை. பட்டன் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்களுந்தான் இழுத்தீங்க, வரலை. ஜிப் மேல ஏறுறப்ப எனக்கு அதுதான் வருது. இதுவும் தீப் பத்திக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“இது வேற துணி.”

“அது என்ன துணி? அதைச் சொல்லுங்க. நெசத்தைச் சொன்னீங்கன்னா எவ்வளவு இறுக்கினாலும் போட்டுக்கறேன்.”

“காட்டன்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். “டாக்டர்கிட்ட நீங்க சொன்னப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். எனக்குக் கைதான் வெந்துச்சு, காது வேகலை. காட்டன் உருகி ஒட்டுமாங்க?”

அவள் ஊசியை எடுத்து என் கண் முன்னாலேயே மிச்சத் தையலையும் பிரித்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொங்கல் வைக்கவில்லை. கை எழுபத்து நான்கு.

ஜனவரி 17, வெள்ளி

“ஆபரேஷனுக்கு எழுதிடட்டுங்களா?” என்று கேட்டார் மேடம். பிப்ரவரி மூன்றாவது வாரம் தேதி கொடுத்திருக்கிறார். கலாவின் இடது தொடையில் பேனாவால் ஒரு சதுரம் போட்டுப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது கலா சேலைக்கு மேலே அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

ஞாயிறு காலை அவள் குளித்துவிட்டு வந்தாள். சட்டையை எடுத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பேனாச் சதுரம் இன்னும் தொடையில் அழியாமல் இருந்தது. சொல்லிவிட்டேன். சாம்பிள் துணி, நெருப்புச் சோதனை, சிவப்பு மைத் தாள், படித்துவிட்டுத்தான் எடுத்து வந்தது, எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன், கையில் அந்தச் சட்டை இருந்தது.

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, “சஷ்மிக்குத் தைச்சது?” என்றாள்.

“அதே துணிதான்.”

“அதைப் போய் வாங்கிட்டீங்களா?”

இல்லை என்றேன்.

பீரோ மேலிருந்து போனை எடுத்தாள். சுகந்தி எடுக்கவில்லை. நூல் மில்லில் ஆறு மணி ஷிஃப்ட், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் புருஷன் லாரியில் போகிறவன், ஊரில் இல்லை. கலா போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். தீபத்தன்றைக்கு வந்த போட்டோ அப்போதுதான் திறந்தது. வாசலில் வரிசையாக அகல் விளக்கு. நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு விளக்குக்குத் திரி தூண்டுகிறாள் சஷ்மிதா. கத்தரிப்பூ நிற உடுப்பு. கை விளக்குக்கு மேலே இருக்கிறது.

கலா சட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். “ஜிப்பப் போடுங்க” என்றாள். முழு இறுக்கத்தில் இருந்தது, பிரிக்காத புதுச் சட்டை. கண்ணை மூடவில்லை, கத்தவில்லை. மேலே ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

ஏழு மணிப் பஸ். ஒன்றேகால் மணி நேரம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். “அஞ்சு மாசமா ஏனுங்க போகலை?” பஸ்ஸில் நான் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். போய்க் கேட்டால் ஏன் என்று சுகந்தி கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான். வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

சுகந்தி வீட்டுக்குப் பின்னால் சந்தில் வெந்நீர் அடுப்பு. தை மாதக் குளிர். சஷ்மிதா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தென்னை மட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அதே உடுப்புதான். ஆறு மாதத்தில் பிள்ளை வளர்ந்திருந்தாள், உடுப்பும் கூடவே இழுத்துக் கொடுத்திருந்தது. அளவு இன்னும் ஒரு வருஷத்துக்குப் பற்றும். அப்படித்தான் வெட்டியிருந்தேன்.

நான் ஓடப் பார்த்தேன். கலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “சஷ்மி, சாமி, பெரியம்மாகிட்ட வா” என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்து, மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “பெரியம்மா! கை நல்லாயிருச்சா?”

கலா அவளை அடுப்பிலிருந்து பத்தடி தள்ளிக் கூட்டிப்போனாள். கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் மேலே தூக்கித் தலைவழியாகக் கழற்றினாள். இடது கை காது வரைக்கும் போயிற்று. மூன்று மாதத்துக்கு மேலாக எழுபத்து நான்கைத் தாண்டாத கை. ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. துணியில்லை. சட்டையின் அக்குளில், நான் வைத்த சாய்சதுரத் துண்டில், ரத்தம் ஊறி வந்தது.

அவள் சேலையை அவிழ்த்துப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டாள். நான் உடுப்பை வாங்கி அடுப்பில் போடப் போனேன்.

“போடாதீங்க. சுகந்தி வரட்டும். நீங்களே அவகிட்டச் சொல்லுங்க.”

ரத்தத்துக்குத் துணி வைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வரமாட்டேன் என்றாள். இரண்டரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

சுகந்தி வந்தாள். சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. “துணின்னா எரியாதாங்க மாமா? இதுக்குப் போயி அக்காவ இந்த ஒடம்போட பஸ்ஸுல கூட்டிட்டு வந்தீங்களா? போன்ல சொன்னா நானே தூக்கிப் போட்டிருப்பேன்ல?”

“பத்த வெச்சுக் காட்டுங்க” என்றாள் கலா.

சஷ்மிதாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். உடுப்பைத் துவைக்கிற கல்லின் மேல் விரித்துப் போட்டேன், கை இரண்டும் பக்கவாட்டில். தீக்குச்சியைக் கீழ் விளிம்பில் வைத்தேன். தீ துணிக்குள் போகவில்லை, மேலாகவே ஓடியது. பஞ்சின் மேல் நீலமாக ஓடி, நான் கையை எடுப்பதற்குள் கழுத்தைத் தொட்டுவிட்டது. குச்சி பாதிகூட எரியவில்லை. பிறகுதான் துணி சுருண்டு, கொப்பளித்து, சொட்டிக் கல்லில் ஒட்டியது. மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

சுகந்தி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பத் தெரியும் மாமா?”

“ஜூலையில.”

“தைச்சதுக்குப் பொறவா?”

“முன்னாடி.”

அவள் அக்காவைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். கலா திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஜனவரி 29, புதன்

கலா தாராபுரத்திலேயே இருக்கிறாள். அக்குளில் பிளந்ததற்கு அங்கேயே ஆறு தையல் போட்டார்களாம். ஜெசிந்தா மேடம்தான் போனில் சொன்னார். என்ன நடந்தது மாஸ்டர் என்று கேட்டார். டாக்டரிடம் அன்று பொய் சொன்னேன், அது காட்டன் இல்லை என்றேன். அவர் சட்டையை நிறுத்த வேண்டாம், தையல் பிரித்ததும் புதிது வேண்டும் என்றார்.

சமையல் செய்யவில்லை. பத்து நாளாக மெஸ்ஸில் சாப்பாடு.

பிப்ரவரி 3, திங்கள்

சுகந்தியின் எண்ணிலிருந்து செய்தி. மேல்கை இருபத்தாறு. முழங்கை இருபத்து மூன்றரை. மணிக்கட்டு பதினைந்து. அக்குள் சுற்று நாற்பத்தொன்று. ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு அளவு, பதினான்கு எண்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அளவு எப்படி எடுத்தாய் என்று கேட்டு எழுதினேன். மேடம் வீடியோவில் காட்டிக்கொடுத்தார் என்று பதில் வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு சட்டை, மாற்றிப் போட. ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டினேன். போட்டுப் பார்க்க ஆள் இல்லை. காகிதத்தில் இருந்த எண்களை மட்டும் பார்த்து வெட்டினேன். பஸ் கண்டக்டரிடம் பார்சல் கொடுத்து விட்டேன். பார்சலுக்குள் ஒரு கடிதம் வைக்க நினைத்து நான்கு தடவை எழுதினேன். வைக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேடம் போன் செய்தார். ஆபரேஷன் தேதியை எடுத்துவிட்டாராம். கை நூற்றுப்பன்னிரண்டு டிகிரி. தலை வாருகிறாளாம். “இருபத்துமூணு மணி நேரமும் போடறாங்க மாஸ்டர், ஒரு நிமிஷம் கொறைக்கறதில்லை. சட்டை அவ்வளவு கச்சிதமா இருக்குது. முதல்லயே இப்படித் தைச்சிருக்கலாமில்ல?”

மத்தியானம் சுகந்தியிடமிருந்து அடுத்த அளவு வந்தது. பதினான்கு எண்கள். கீழே ஒரு வரி: “போன சட்டையில் திருத்தம் எதுவும் இல்லை. இனிமேல் பார்சலை மேடம் பேருக்கே அனுப்புங்கள்.”